மஞ்சள் கொட்டகையில் சின்னவள்

கதவுக் கட்டையை வெளியிலிருந்து போடச் சொன்னது நான்தான். என் பெண்டாட்டி மயிலாத்தாளும் போட்டுவிட்டாள். இரும்பு வளையத்துக்குள் கட்டை இறங்கி உட்காரும் சத்தம் பெரிய சத்தமொன்றும் இல்லை, ஆனாலும் குதிரையின் காது இரண்டும் கதவுப் பக்கம் திரும்பி அப்படியே நின்றுவிட்டன. எனக்கும் காதைத் திருப்பத் தெரிந்திருந்தால் திருப்பியிருப்பேன். இப்போது உள்ளே மூன்று பேர். சன்னலுக்குக் கீழே தலையைத் தூக்கிக்கொண்டு குதிரை, சின்னவள், தீவனத் தொட்டியை ஒட்டி மூளி ஆடு, கதவோரத்து மூலையில் கவிழ்த்துப் போட்ட கூடைமேல் நான், சென்னியப்பன், நாடு முழுக்க லாரி ஓட்டிவிட்டு இந்தத் தை மாதத்தோடு போதும் என்று வீட்டுக்கு வந்து சேர்ந்தவன். வெயில் இன்னும் முழுதாக இறங்கவில்லை. சன்னல் வழியாக ஒரு துண்டு வெயில் வந்து வைக்கோலில் படுத்திருக்கிறது. எவ்வளவு சுகமாகப் படுத்திருக்கிறது, அதற்கு மேலே கூரை இருக்கிறதா இல்லையா என்ற கவலையே இல்லாமல். "நீங்க எதுக்குங்க உள்ள" என்று போடுவதற்கு முன்னால் கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டாள் மயிலாத்தாள். "அவ தனியா இருந்தா மெரளுவா புள்ள" என்றேன். "நீங்க மெரளாம இருந்தாச் சரி" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. கூரையைப் பார்க்கக் கூடாது என்று உட்காரும்போதே நினைத்துக்கொண்டேன், நினைத்த உடனே பார்த்துவிட்டேன். ஓடு, பனஞ்சட்டம், ஒரு மூலையில் குளவிக்கூடு. அவ்வளவுதான். ஒரு கூரையில் வேறென்ன இருக்கப் போகிறது.

சின்னவள் என்று பேர் வைத்ததும் மயிலாத்தாள்தான். ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தைக்கு வேடிக்கை பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன் திறந்த டெம்போவில் ஒரு செவலைப் பெட்டைக் குதிரையை ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினேன். ஏன் வாங்கினேன் என்று என்னைக் கேட்டால் இன்றைக்கும் பதில் தெரியாது. அத்தனை குதிரைகளும் சந்தையில் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இது ஒன்று மட்டும் ஆட்களுக்கு மேலே தூரத்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது, அதனால் இருக்கலாம். மயிலாத்தாள் குதிரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஊரூராச் சுத்துன மனுசன், என்னைக்காச்சும் ஒருத்தியைக் கூட்டிட்டுத்தான் வருவாருன்னு இருந்தேன். சின்னவ நல்லாத்தான் இருக்கறா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், கையில் இருந்த தண்ணீர்க் குடம் குலுங்கி அவள் சேலையெல்லாம் நனைந்தது. நனைந்த சேலையோடேயே மிச்சத் தண்ணீரைச் சின்னவளுக்குக் காட்டினாள். அவளும் உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தாள். விற்றவன் அப்போதே சொல்லியிருந்தான், இது வெளியிலேயே பிறந்து வெளியிலேயே வளர்ந்தது, கட்டிப் போட்டால் நிற்காது, வயிற்றில் குட்டி வேறு இருக்கிறது என்று. கட்டுவதாக எனக்கும் எண்ணமில்லை. எங்கள் மேய்ச்சல் நிலம், கொறங்காட்டில் விட்டேன். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், நான்கு மாடுகள். மழை பெய்தால் மழைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். மரத்தடி கிட்டவே இருக்கும், போக மாட்டாள். நனைந்து முடித்ததும் ஒரு சிலுப்பு, அப்புறம் ஓட்டம், வேலியோரமாகவே ஒரு சுற்று, வாலைத் தூக்கிக்கொண்டு. பொழுது விடிந்ததும் காப்பித் தம்ளரோடு வேலிக்குப் போய் நின்று அதைப் பார்ப்பதுதான் எனக்கு வேலை என்று ஆகிப்போயிருந்தது. அந்தச் சந்தோசத்துக்கு என்ன பேர் என்று தெரியவில்லை. வண்டி ஓட்டின காலத்தில் மலைப்பாதை முடிந்து சமவெளி விரியும்போது வயிற்றுக்குள் ஒன்று லேசாகுமே, அது மாதிரி.

இப்போது அவள் நகர்கிறாள். சன்னலிலிருந்து தொட்டிக்கு, தொட்டியிலிருந்து கதவுக்கு. என் முழங்காலுக்குப் பக்கத்திலேயே குளம்பு இறங்குகிறது. மூக்கைக் கதவு இடுக்கில் வைத்து இழுத்து மோந்து பார்க்கிறாள், விடுகிறாள், அந்தக் காற்று என் வேட்டியை அசைக்கிறது. திறக்குமா என்று கேட்கிறாள். திறக்காதடி, கொஞ்சம் இரு. நாய்கள் மட்டும் வராமல் இருந்திருந்தால் உன்னை எவன் உள்ளே போடப் போகிறான். கறிக்கடைக் கழிவைத் தின்று வளர்ந்து, கூட்டமாகச் சுற்றப் பழகிய நாய்கள். பக்கத்துக் காட்டு நாச்சிமுத்துவின் பட்டியில் புகுந்து ஆடுகளைக் கடித்துப் போட்டுவிட்டுப் போயின. காலையில் நாச்சிமுத்து பட்டிக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான், அழக்கூட இல்லை. காது கிழிந்து பிழைத்த ஒன்றே ஒன்றை என் கையில் கொடுத்து, "இதைப் பாக்கப் பாக்க என்னால ஆகலீங்ணா, நீங்க வெச்சுக்கங்க" என்றான். அதுதான் இந்த மூளி. அதற்கடுத்து எங்கள் வேலிக்கு வெளியிலேயும் நாய்க் காலடி தெரிந்தது. மாடுகளைக் கட்டுத்தறியில் கட்டிவிடலாம். கொம்பும் இருக்கிறது. இவளுக்கு என்ன இருக்கிறது, ஓட்டம் ஒன்றுதான். வயிற்றில் குட்டியோடு எவ்வளவு தூரம் ஓடுவாள். கால்நடை டாக்டரம்மா வந்து வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, குட்டி நன்றாக இருக்கிறது, பொழுது சாய்ந்ததும் உள்ளே அடைத்துவிடுங்கள் என்றார். அடைத்துவிடுங்கள் என்று அவர் சொன்னது எவ்வளவு சுலபமாக இருந்தது. மஞ்சள் மூட்டை போட்டு வைத்திருந்த கொட்டகையைக் காலி பண்ணினோம். அன்றைக்கே கழுத்தில் கயிற்றைப் போட்டு, நான் முன்னால் இழுக்க மயிலாத்தாள் பின்னால் ஓட்ட, எப்படியோ உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினோம். சாத்தினதுதான் தெரியும். உள்ளே இடி விழுகிற மாதிரி. பலகையில் உதை, சுவரில் உதை, ஒரு கனைப்பு, அதைக் கனைப்பு என்றே சொல்ல முடியாது. கதவைத் திறந்தபோது என்னைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து போனாள், பின்னங்காலில் தோல் பிய்ந்து ரத்தம். கொறங்காட்டின் அந்தக் கோடியில் போய் நின்றுகொண்டு, என்னைப் பார்க்கவே மாட்டேன் என்று நின்றாள். மறுபடியும் வந்த டாக்டரம்மா காயத்துக்கு மருந்து போட்டார், திட்டவில்லை. "இன்னொரு தடவை இப்படி மிரண்டா குட்டி தங்கறது கஷ்டம்ங்கய்யா. மெதுவாப் பழக்குங்க. அவளா வரணும். உள்ள இருந்தா வெளிய தெரியணும், துணைக்கு ஒரு உசுரு இருக்கணும். அப்புறம் ஒண்ணு, பயந்துட்டிருக்கறப்பக் கதவத் தொறக்காதீங்க. அடங்கி நிக்கறப்பத் தொறங்க. இல்லேன்னா பயந்தாத்தான் கதவு தொறக்கும்னு நினைச்சுக்குவா."

அந்தக் கடைசிப் பேச்சையே இப்போது திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அடங்கி நிற்கும்போது திறக்க வேண்டும். எப்போது அடங்குவாள். அடங்காமலே போனால். வைக்கோலை முன்னங்காலால் வாரி வாரிப் போடுகிறாள். சாணி போட்டாள். இன்னொரு முறை போட்டாள். மூளி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டது. ஊறவைத்த கொள்ளு அவளுக்கென்று போட்டது, இது தின்று தீர்க்கிறது. நாயிடம் தப்பிவந்த உயிருக்கு இருக்கிற தைரியத்தைப் பார். இத்தனைக்கும் இவளும் உள்ளே வராதவள் இல்லை. அந்தக் கெட்ட நாளுக்கப்புறம் நாங்கள் கயிற்றைத் தொடவே இல்லை. சுவரில் கல்லைப் பெயர்த்து, கொறங்காடும் மாடுகளும் தெரிகிற மாதிரி பெரிதாகச் சன்னல் எடுத்தேன். கொள்ளுக் கூடையை முதலில் கதவுக்கு வெளியே தூரமாக வைத்தோம். தின்றாள். அப்புறம் வாசற்படி கிட்டே. தின்றாள், ஆனால் கழுத்தை ஒரு முழம் நீட்டிக்கொண்டு, காலெல்லாம் ஓடத் தயாராக. அப்புறம் படிக்கு உள்ளே. தலை உள்ளே, உடம்பு வெளியே. அப்படியே பல நாள். ஒரு நாள் முன்னங்கால் உள்ளே வந்தது. மயிலாத்தாள் அடுப்பங்கரையிலிருந்து ஓடி வந்து என் தோளைத் தட்டிக் காட்டினாள். ரெண்டு பேரும் கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்து நின்று, பேத்தி நடை பழகுவதைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம். முழுசாக உள்ளே வந்த அன்றைக்குச் சுவரில் உடம்பைத் தேய்த்தாள். அத்தனை வருசத்து மஞ்சள் தூள் காரையில் ஊறிப்போயிருக்கிறதல்லவா, வெளியே வந்தவள் ஒரு பக்கம் மட்டும் மஞ்சளாக, சீருக்கு உட்காரவைத்த பெண்ணைப் போல வந்தாள். "நலுங்கு வெச்சாச்சு, இனி இந்த வீட்டுப் பொம்பளைதான்" என்றாள் மயிலாத்தாள். இப்போதும் அவள் மூக்கில் மஞ்சள் ஒட்டியிருக்கிறது. மூளியின் முதுகிலும் இருக்கிறது. என் உள்ளங்கையைப் பார்க்கிறேன், இதிலும். அவளுக்குக் கூரையைப் பற்றி இப்போது பயமில்லை, கதவு திறந்திருக்கும் வரைக்கும். அந்தக் கெட்ட நாளுக்கப்புறம் இன்றைக்குத்தான் சாத்தியிருக்கிறோம். கதவுதான். எனக்கும் கதவுதான்.

அப்படிச் சொல்லிவிட முடியாது. எனக்குப் பயமா, இல்லை. மிரண்டு உதைக்கிற ஆளா நான். படுக்கப் போனால் தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான். வண்டியில் படுத்த உடம்பு. கேபினில் படுத்தால் கண்ணாடிக்கு வெளியே பூரா வானமும் இருக்கும். சூடு தாங்காத ஊராக இருந்தால் லோடுக்கு மேலே தார்ப்பாயில் ஏறிப் படுத்துவிடுவோம். வெங்காய மூட்டைமேல் படுத்திருக்கிறேன், சிமெண்ட்டுமேல் படுத்திருக்கிறேன், ஒரு தடவை கோவில் திருவிழாவுக்குப் போகிற பொரி மூட்டைமேல், அது மெத்தைக்கும் மேலே. வீட்டுக்கு வந்த முதல் வாரம் அறைக்குள் மயிலாத்தாள் பக்கத்தில் படுத்தேன். கதவைச் சாத்திக் கட்டை போட்டாள். மேலே பார்த்தால் காரைக் கூரை, மூஞ்சிக்குக் கிட்டே இறங்கி வருகிற மாதிரி. எழுந்து உட்கார்ந்தேன், படுத்தேன், எழுந்தேன். "என்னங்க" என்றாள். "ஒண்ணுமில்ல புள்ள, வேக்காடா இருக்குது" என்று சொல்லிவிட்டுக் கயிற்றுக் கட்டிலை இழுத்து வாசலில் போட்டவன்தான், இன்றைக்கு வரைக்கும் வாசலில்தான். அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததுதான் உள்ளுக்குள் முள்ளாக இருக்கிறது. என்ன நினைப்பாள். காலம் பூரா லோடு லோடு என்று ஓடினவன், வந்த பிறகாவது பக்கத்தில் இருப்பான் என்று பார்த்தால் வாசலில் போய்ப் படுக்கிறானே என்று நினைக்க மாட்டாளா. இவளைப் பழக்கின மாதிரி என்னையும் பழக்க வேண்டியதுதான். முதலில் கட்டிலைக் கதவு கிட்டே போட வேண்டும், அப்புறம் படிக்கு உள்ளே, தலை உள்ளே கால் வெளியே. நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. சத்தமாகவே சிரித்துவிட்டேன் போல, சின்னவள் திரும்பிப் பார்க்கிறாள்.

பார்த்தவள் கனைத்தாள். சின்னக் கனைப்பில்லை, வயிற்றிலிருந்து வருகிற கனைப்பு, ஓடெல்லாம் அதிர்ந்தது. வெளியே கொறங்காட்டிலிருந்து மாடுகள் கட்டுத்தறிக்கு வந்துகொண்டிருக்கின்றன, அவற்றைச் சன்னலில் பார்த்துவிட்டாள். எல்லோரும் நடமாடுகிறார்கள், தான் மட்டும் உள்ளே. கழுத்தில் வியர்வை. கதவை ஒரு தள்ளுத் தள்ளினாள், என் முதுகுக்குப் பக்கத்தில் பலகை முனகியது. போச்சு, உதைக்கப் போகிறாள். பின்னங்கால் தூக்கும், பலகை உடையும், வயிறு சுவரில் மோதும், உள்ளே இருக்கிற அந்த உயிர். "புள்ள" என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. வெளியே செருப்புச் சத்தம் வந்து கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது. "என்னங்க, தொறக்கட்டுமா." வாய் வரைக்கும் வந்துவிட்டது, திற என்று. திறந்தால் பாய்ந்து போவாள், போனால் நாளைக்குக் கதவைப் பார்த்தாலே உதைப்பாள். திறக்காவிட்டால். "இங்கயே நில்லு. நாஞ் சொல்றப்பத் தொற" என்றேன். "சரிங்க. ஏதாச்சும் பேசுங்க அவகிட்ட. நீங்க மூச்சப் புடிச்சுட்டு உக்காந்திருந்தா அவளும் என்னமோன்னுதான நெனப்பா" என்றாள். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். பலகைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவளுக்கு அது எப்படித் தெரிந்தது.

என்ன பேசுவது. குதிரையிடம் பேச எனக்கு என்ன இருக்கிறது. தெரிந்தது ரோடு ஒன்றுதான். விட்ட மூச்சோடு வந்தது அதுதான். சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி. கிருஷ்ணகிரி தாண்டினால் காற்று மாறும்டி, மாம்பூ சமயத்தில் போனால் வண்டிக்குள்ளேயே வாசம் வரும். ஓசூர். அங்கே டீ குடிக்கலாம். பெங்களூரை ஊர் எழுவதற்குள் தாண்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் அன்றைக்குப் பூரா அங்கேதான். தும்கூர். அதற்கப்புறம் நிறைய வெளி. சித்திரதுர்கா வரும்போது மலைமேல் பெரிய பெரிய காற்றாடி சுற்றும், நீ பார்த்தால் மிரண்டு போவாய், ஒன்றும் செய்யாது, சும்மா சுற்றும். அவள் கதவை விட்டு ஒரு எட்டு நகர்ந்தாள். காது ஒன்று என் பக்கம் திரும்பியது, இன்னொன்று இன்னும் மாடுகள் பக்கம். தாவணகெரே. அங்கே ஒருத்தன் வெண்ணெய் தோசை போடுவான், சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவ மனசு வராது. ஹாவேரி வந்தபோது மற்ற காதும் திரும்பிவிட்டது. நான் நிறுத்தவில்லை. ஹூப்ளி, பெல்காம், இரண்டு பக்கமும் கரும்பு. உதட்டை நக்கினாள், வாயை அசை போடுகிற மாதிரி மென்றாள், டாக்டரம்மா அன்றைக்கே இதையும் சொல்லியிருந்தார், உள்ளே இறுக்கம் விடுகிறது என்று அர்த்தம். கோலாப்பூர், சத்தாரா. தலை மெல்ல மெல்ல இறங்கி வந்தது. பூனா போய்ச் சேர்வதற்குள் நாசி முழுக்க ஒரு பெரிய மூச்சை விட்டு, மூளியை ஓரமாகத் தள்ளிவிட்டு, தொட்டிக்குள் மிச்சம் இருந்த கொள்ளைத் தின்ன ஆரம்பித்தாள். மூளி பக்கத்திலேயே நின்று கூடவே தின்றது. கடக் கடக் என்று பல்லில் அரைபடுகிற சத்தம். நான் ஓட்டின எந்த வண்டியின் எஞ்சினும் இவ்வளவு நன்றாக ஓடி நான் கேட்டதில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்தேன். மஞ்சள் கை, கண் எரிந்தது.

"இப்பத் தொற புள்ள" என்றேன். கட்டை எழும்பியது. கதவு திறந்து சாயங்காலம் முழுக்க உள்ளே வந்தது, வானத்தில் கடைசிச் செம்மண் நிறம், புல் வாசம், மாட்டு மணி. சின்னவள் தலையைத் தூக்கித் திறந்த கதவைப் பார்த்தாள். போவாள் என்று நினைத்தேன், போகட்டும் என்றும் நினைத்தேன், இன்றைக்கு இவ்வளவு இருந்ததே பெரிது. பார்த்துவிட்டுத் தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டாள். மயிலாத்தாள் உள்ளே வந்து கதவைத் தானே சாத்திவிட்டு, எனக்குப் பக்கத்தில் வைக்கோலில் கால் நீட்டி உட்கார்ந்தாள். "பூனா வரைக்கும் கேட்டேன். நல்ல ரோடுதானுங்க" என்றாள். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் அரைபடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அப்போதுதான், அதுவாகவே வாயில் வந்துவிட்டது. "நானும் இவளாட்டப் பழகிக்கறேன் புள்ள. கட்டிலைக் கொஞ்சங் கொஞ்சமா உள்ள போட்டுக்கறேன்." அவள் புரியாமல் பார்த்தாள். "எதுக்குங்க?" "வாசல்ல படுத்தா உனக்கு வருத்தமா இருக்குமில்ல." "உங்களை யாரு உள்ள வரச் சொன்னா?" என்றாள். கோபமில்லை, நிஜமாகவே கேட்டாள். "நீங்க லோடுக்குப் போயிருந்த காலத்துல கட்டையப் போட்டு, அது பத்தாதுன்னு ஒரலை நகத்தி வெச்சு, அதுக்கப்பறமும் இலை அசைஞ்சா முழிச்சுக்குவேன். நாலு சுவத்துக்குள்ள தூங்குனதா நெனப்பே இல்லீங்க. இப்ப வாசல்ல நீங்க இருமறது கேக்குது. கட்டையும் போடறதில்ல, ஒண்ணும் போடறதில்ல. படுத்தாப் போதும், விடிஞ்சுருது." நிறுத்திவிட்டு, "நீங்க உள்ள வந்துட்டா அப்பறம் யாரு வெளிய இருக்கறது" என்றாள். இத்தனை மாதம் வாசலில் படுத்துக்கொண்டு நட்சத்திரத்தைப் பார்த்துப் பார்த்து நான் கவலைப்பட, அந்தப் பக்கம் இவள் கதவைத் திறந்து போட்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கொட்டகைக்குள் நிழல் கூடிவிட்டது. எழுந்து போய் விளக்குப் போட வேண்டும், பால் கறக்க வேண்டும். எழலாம் என்று கையை ஊன்றினேன், மயிலாத்தாள் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். சின்னவள் தொட்டியை விட்டு நடுவில் வந்து நின்றிருந்தாள். வைக்கோலை மோந்தாள். ஒரே இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றினாள். முன்னங்கால் இரண்டும் மெல்ல மடங்கின, அப்புறம் அந்தப் பெரிய உடம்பு முழுக்க, வயிற்றுப் பாரத்தோடு, ஒரு முனகலோடு கீழே இறங்கியது. படுத்துவிட்டாள். கொறங்காட்டில் இத்தனை நாளில் அவள் படுத்து நான் பார்த்ததே இல்லை, எந்நேரமும் நின்றபடியேதான் கண் அயர்வாள், ஓடத் தயாராக. மூளி போய் அவள் விலாவில் சாய்ந்துகொண்டது. அந்த விலா ஏறி இறங்கியது, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோலுக்கு அடியில் என்னவோ ஒன்று உருண்டு, ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் புரண்டு படுத்தது. மயிலாத்தாளின் விரல்கள் என் கையை இறுக்கின. "காலுங்களா அது, தலைங்களா" என்று மூச்சிலேயே கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன், அதையும் மூச்சிலேயே. வெளியே மாடு கறவைக்குக் கத்துகிறது. எங்கள் இரண்டு பேருக்கும் கால் மரத்துப் போயிருக்கிறது. அசைந்தால் எழுந்துவிடுவாளோ என்று அப்படியே உட்கார்ந்திருக்கிறோம்.